வராத பந்துக்கும் ஓடியவர்

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள மிஸ்ஸிஸிப்பி மாநிலத்தில், கொலம்பஸ் என்னும் நகரத்தை விட்டுத் தெற்கு நோக்கிப் பிரயாணம் செய்கிறவனுக்கு, சாலையின் இருமருங்கும் நெருங்கி நின்ற மரங்கள் சிறிது சிறிதாக விலகி, கரிய மண்ணும் பழுத்த புல்லுமாக ஒரு சமவெளி கண்ணுக்குப் புலனாகிறது. அந்தச் சமவெளியில், வண்டியைச் சற்று வேகமாக ஓட்டினால் தாண்டிப் போய்விடக்கூடிய சிற்றூர் கிராஃபோர்டு. அதில் வசிக்கும் ஜனங்கள் சில நூறு பேர்தாம். அக்டோபர் மாதத்து ஒரு காலைப்பொழுதில் நான் அங்கே போய் இறங்கினேன். பிரயாணிகளை வரவழைக்கும் ஆலயமோ அரண்மனையோ அவ்வூரில் இல்லை; சில வீடுகள், ஒரு மாதாகோயில், மேய்ச்சல் நிலங்கள், வெயில் ஏறஏறச் சூடேறும் செம்மண் கிளைப்பாதைகள், இவ்வளவே. ஆயினும் ஒரு மனிதருடைய கைகள் தம் வித்தையை எந்த இடத்தில் கற்றன என்பதை நேரில் காணவேண்டும் என்ற ஆவல் பல வருஷங்களாக என் மனத்தில் இருந்துவந்தது. அந்த ஆவலே என்னை அவ்வளவு தூரம் அழைத்து வந்தது.

அந்த மனிதர் ஜெர்ரி ரைஸ். அமெரிக்கக் கால்பந்தில் ‘வைட் ரிசீவர்’ என்னும் ஸ்தானத்தில் இருபது பருவங்கள் ஆடி, அந்த ஸ்தானத்தில் அவருக்கு முன்னும் பின்னும் எவரும் எட்டாத உயரத்தை எட்டியவர். 1962ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் தேதி, கிராஃபோர்டுக்கு அருகிலுள்ள ஸ்டார்க்வில் நகரத்தில் அவர் பிறந்தார். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால்தான், ஜேம்ஸ் மெரெடித் என்னும் கறுப்பின இளைஞர், கலகமும் துப்பாக்கிச் சூடும் இரண்டு உயிர்ப்பலியும் கண்ட ஓர் இரவுக்குப் பிறகு, அரசாங்கக் காவலோடு இதே மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில் முதல் கறுப்பின மாணவராகப் பதிவு செய்துகொண்டார். அத்தகைய காலத்தில், அத்தகைய மண்ணில், எட்டுக் குழந்தைகள் கொண்ட ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த சிறுவனுக்கு உலகம் எதையும் தானாகக் கொண்டுவந்து கையில் கொடுக்கப் போவதில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

தந்தை ஜோ நேதன் ஒரு கொத்தனார்; சொல்லிலும் செயலிலும் கண்டிப்பானவர். கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகள் அவரோடு வேலைக்குப் போவார்கள். சாரத்தின் மேல் ஜெர்ரி நிற்க, கீழேயிருந்து சகோதரர்கள் செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலே எறிவார்கள். நான்கு கற்கள் ஒருங்கே வந்து, காற்றில் பிரிந்து திசைக்கொன்றாகச் சாயும்போது, அவை நான்கையும் தவறவிடாமல் பிடித்துத் தந்தையின் பக்கத்தில் வைப்பது அவருடைய பணி. பந்து பிடிக்கும் சாமர்த்தியம் அந்தச் செங்கற்களிலிருந்தே வந்தது என்று ஜனங்கள் கதையாகச் சொல்வதுண்டு. அவரோ, கைக்குக் கிடைத்த பயிற்சியைக் காட்டிலும், கடின உழைப்பு இன்னதென்று தாம் அறிந்துகொண்டதையே அந்த வேலையின் பெரும் பலனாகப் பிற்காலத்தில் குறிப்பிட்டார். கிராஃபோர்டின் கிளைப்பாதை ஒன்றில், முன்பகல் பத்து மணிக்கே வியர்வை முதுகில் வழிய நடந்துகொண்டிருந்த எனக்கு, ஜூலை மாதத்து வெயிலில் சாரத்தின் மேல் நாள் முழுதும் நிற்பதன் பொருள் ஒருவாறு புரிந்தது.

இந்த ஆட்டத்தில் பரிச்சயம் இல்லாத வாசகருக்கு அதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாகவேண்டும். பெயர் கால்பந்து என்றாலும் பெரும்பாலும் கையால் ஆடப்படுவது அது. நூறு கஜ நீளமுள்ள மைதானத்தில் பதினொருவர் கொண்ட இரண்டு கட்சிகள் எதிரெதிராக அணிவகுத்து நிற்கும். பந்தை உடைய கட்சி நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜமாவது முன்னேறவேண்டும். தவறினால் பந்து கைமாறும். எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் அது ‘டச்டவுன்’; அதற்கு ஆறு புள்ளிகள். குவார்ட்டர்பேக் என்பவர் அணியின் நடுவில் நின்று பந்தை எறிகிறவர். வைட் ரிசீவரோ அணியின் விளிம்பில், தோழர்களிடமிருந்து விலகித் தனியே நின்று, சைகை பிறந்ததும் முன்னே பாய்ந்து, எதிரியின் காவலைக் கடந்து, குறித்த இடத்தில் குறித்த கணத்தில் திரும்பி அந்தப் பந்தை ஏற்கிறவர். அவர் திரும்புவதற்கு முன்பே பந்து எறிந்தவரின் கையை விட்டுப் புறப்பட்டுவிடும். எத்தனையாவது அடியில் வளையவேண்டும், எந்தக் கோணத்தில் வெட்டவேண்டும் என்பதெல்லாம் முன்னரே நிர்ணயிக்கப்பட்டிருப்பதால், ஓர் அடி கூடினாலும் குறைந்தாலும் பந்து வெற்றுவெளியில் போய் விழும். அல்லது எதிரியின் கைக்குப் போய்ச் சேரும்.

இந்த ஸ்தானத்தின் விசேஷம் வேறொன்றிலும் இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் ஒரு கட்சி ஏறக்குறைய அறுபது முறை பந்தோடு புறப்படுகிறது என்றால், மிகச் சிறந்த ரிசீவருக்குக்கூட ஐந்தாறு முறைதான் பந்து கைக்கு வரும். மற்ற முறைகளில் எல்லாம் அவர் ஓடுவது, காவலரைத் தம் பின்னே இழுத்துச் சென்று மற்றொருவனுக்கு வழி உண்டாக்குவதற்காக. அல்லது பந்தோடு ஓடும் தோழனைத் துரத்துகிறவனை மறித்து நிற்பதற்காக. வருமா வராதா என்று தெரியாத பந்துக்காக, வரும் என்றே நம்பி ஓடுவதுதான் அவருடைய தொழிலின் பெரும்பகுதி. ரைஸின் ஜீவிதத்தை ஊன்றிப் பார்த்தபோது, அவருடைய பெருமையின் இரகசியம் இந்தப் பகுதியிலேயே அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றிற்று. பிரயாணத்தில் நான் கண்ட ஒவ்வோர் இடமும் அதற்குச் சாட்சி கூறியது.

பள்ளிப் பருவத்தில் அவர் இந்த ஆட்டத்துக்கு வந்து சேர்ந்த விதமே ஒரு கதை. ஒருநாள் வகுப்புக்குப் போகாமல் வெளியே சுற்றிக்கொண்டிருந்தவரின் பின்னால் துணைத் தலைமையாசிரியர் ஓசையின்றி வந்து நிற்க, திடுக்கிட்ட பையன் ஓடிய ஓட்டத்தின் வேகத்தைப் பார்த்து வியந்த ஆசிரியர், கொடுக்கவேண்டிய தண்டனையையும் கொடுத்துவிட்டு, பையனைப்பற்றிக் கால்பந்துப் பயிற்சியாளரிடமும் சொன்னார். ஆட்டத்தில் பிள்ளைக்கு அடிபடுமே என்று தாய்க்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் பிள்ளை விடவில்லை. பயிற்சி முடிந்தபின் மைல் கணக்கில் கிராமத்துப் பாதை வழியாக ஓடியே வீடு சேர்வது அவருக்கு வழக்கமாயிற்று.

நான் கிராஃபோர்டிலிருந்து புறப்பட்டு ஸ்டார்க்வில் வந்து, அங்கிருந்து 82ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கித் திரும்பினேன். ஸ்டார்க்வில்லில் மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. அதன் விளையாட்டரங்கு வெகுதூரத்திலிருந்தே கண்ணில் படுகிறது. பிறந்த ஊரிலேயே இவ்வளவு பெரிய அரங்கு இருந்தும், கால்பந்தில் முதல் வரிசையில் நின்ற பல்கலைக்கழகம் எதுவும் அந்தக் கொத்தனாரின் மகனுக்கு உதவிச் சம்பளம் கொடுக்க முன்வரவில்லை. அவரை நேரில் வந்து பார்த்து அழைத்தவர், ஏறக்குறைய நூறு மைலுக்கு அப்பால் இட்டா பீனா என்னும் ஊரிலுள்ள மிஸ்ஸிஸிப்பி வேலி மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரான ஆர்ச்சி கூலி ஒருவரே. ஆகவே 1981ஆம் ஆண்டில் அந்த இளைஞர் மேற்கே சென்றார். அவர் சென்ற திசையிலேயே நானும் சென்றேன்.

அந்தச் சாலை முதலில் பைன் மரங்கள் அடர்ந்த மேடு பள்ளங்களின் ஊடே ஏறியும் இறங்கியும் போகிறது. யூப்போரா, வினோனா என்னும் ஊர்களைக் கடந்து, கிரீன்வுட் நகரத்தை நெருங்கும்போது, குன்றுகள் திடீரென்று முடிந்துவிடுகின்றன. சாலை ஒரு சரிவில் இறங்க, அதன் கீழே கண்ணுக்கு எட்டும்வரை ஒரு மேடும் இல்லாத டெல்டாப் பிரதேசம் தொடங்குகிறது. பெருநதிகள் யுகயுகமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல் அது. நான் போன சமயம் பருத்தி அறுவடைக் காலம். வயல்கள் வெண்மை போர்த்துக் கிடக்க, இயந்திரங்கள் பறித்துச் சுருட்டிய பருத்தி உருளைகள் வரப்போரங்களில் வரிசையாக நின்றன. இந்த வெண்மையின் பின்னால் எத்தனை தலைமுறைகளின் அடிமைத்தனமும் கண்ணீரும் கிடக்கின்றன என்பதை நினைக்காமல் அந்த அழகை ரசிப்பது முடியாத காரியம். ‘புளூஸ்’ என்னும் சோக சங்கீதம் பிறந்து வளர்ந்த பூமி இது. அந்த சங்கீதத்தில் பெரும் கீர்த்தி பெற்ற பி. பி. கிங் 1925ஆம் ஆண்டில் பிறந்தது இட்டா பீனாவுக்கு அருகிலேதான்.

பல்கலைக்கழகம் ஊருக்குச் சற்று வெளியே வயல்களின் நடுவில் இருக்கிறது. கறுப்பின மாணவர்களை வெள்ளையருக்கான கல்லூரிகளில் சேர்க்காத காலத்தில், அவர்களுக்குத் தொழிற்கல்வியும் ஆசிரியப் பயிற்சியும் அளிப்பதற்கென்று 1950ஆம் ஆண்டில் கதவு திறந்த ஸ்தாபனம் அது. வசதிகளால் பெரியதல்ல, ஆயினும் ஆர்ச்சி கூலி அங்கே ஒரு நூதனமான ஆட்டமுறையை வகுத்தார். முயற்சிக்கும் முயற்சிக்கும் இடையே வட்டமாகக் கூடி ஆலோசிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, எதிரி மூச்சு வாங்குவதற்குள் அடுத்த பந்தை எறியவைத்தார். எறிந்தவர் வில்லி டோட்டன், ஏற்றவர் ரைஸ். 1984ஆம் ஆண்டில் அந்தச் சிறிய பல்கலைக்கழகத்தின் கட்சி ஆட்டத்துக்கு ஏறக்குறைய அறுபது புள்ளிகள் குவித்தது. ரைஸ் ஒருவரே அந்தப் பருவத்தில் 27 முறை டச்டவுன் செய்தார். அவ்வாண்டு ஜாக்சன் நகரத்தில் ஆல்கார்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டத்தைப் பார்க்க அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வந்து கூடினார்கள்.

இன்று அங்குள்ள அரங்கத்துக்கு ரைஸ்–டோட்டன் அரங்கம் என்று பெயர். எறிந்தவர் பெயரையும் ஏற்றவர் பெயரையும் பிரிக்காமல் சேர்த்து வைத்த அந்த முறை எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. நான் போனபோது மைதானத்தின் எல்லைக் கோட்டுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்த ஒரு முதியவர், நான் உள்ளே வரலாமா என்று கேட்டதற்குத் தலையசைத்துவிட்டு, “கோட்டை மட்டும் மிதிக்காமல் வாருங்கள், ஐயா, இன்னும் காயவில்லை” என்றார். அந்தக் கோட்டின் அருகே நான் வெகுநேரம் நின்றேன். கல்லூரி ஆட்டத்தில் பந்தைப் பிடிக்கிறவனுடைய ஒரு பாதம் எல்லைக்குள் பதிந்தால் போதும். தொழில்முறை ஆட்டத்திலோ இரண்டு பாதங்களும் பதியவேண்டும். கண்கள் ஆகாயத்தில் பந்தை நோக்க, கைகள் அதனை நோக்கி நீள, அதே கணத்தில் கால்விரல்கள் தரையிலுள்ள கோட்டை உணர்ந்து அதற்கு உட்புறமே நிற்பது எத்தகைய அவதானம்!

அந்த 1984ஆம் ஆண்டு அக்டோபரில், ஓர் ஆட்டத்துக்காக ஹூஸ்டன் நகரத்துக்குத் தம் கட்சியோடு வந்திருந்த சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் கட்சியின் தலைமைப் பயிற்சியாளர் பில் வால்ஷ், இரவில் ஓட்டல் அறையில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, யாரும் அறியாத ஒரு கல்லூரியைச் சேர்ந்த இந்த இளைஞர் ஓடும் காட்சி தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. நாற்பது கஜ ஓட்டத்தில் ரைஸ் காட்டிய வேகம் மெச்சத்தக்கதாக இல்லை என்பது தேர்வாளர்கள் பலருடைய அபிப்பிராயம். கடிகாரம் காட்டிய வேகத்தைக் காட்டிலும், எதிரி துரத்தும்போது பிடிபடாமல் ஓடும் வேகமே வால்ஷுக்குப் பெரிதாகத் தெரிந்தது. கல்லூரி வீரர்களைக் கட்சிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் 1985ஆம் ஆண்டுத் தேர்வில், முந்திய பருவத்தின் வெற்றி வீரர்கள் என்ற காரணத்தால் 28ஆம் முறைக்காகக் காத்திருக்கவேண்டிய அவருடைய கட்சி, வேறொரு கட்சியோடு பண்டமாற்றுச் செய்து 16ஆம் முறையைப் பெற்று ரைஸை எடுத்துக்கொண்டது. அவருக்கு முன்பே வேறு இரண்டு ரிசீவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்கள்.

டெல்டாவை விட்டு நானும் விமானம் ஏறிக் கலிஃபோர்னியா சேர்ந்தேன். சான் பிரான்சிஸ்கோவின் தெற்கு ஓரத்தில், வளைகுடாவின் கரையில், கேண்டில்ஸ்டிக் பார்க் என்னும் அரங்கு நின்ற இடத்தைப் பார்க்கச் சென்றபோது அங்கே வெற்று நிலமும் ஓயாத கடற்காற்றுமே எதிர்கொண்டன; 2015ஆம் ஆண்டில் அந்த அரங்கை இடித்துவிட்டார்கள். முதல் பருவத்தின் ஆரம்பத்தில், இந்த இடத்தில்தான் ரைஸின் கைகளிலிருந்து பந்துகள் நழுவின. அவருடைய கட்சியின் அபிமானிகளே அவரைக் கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். செங்கல்லைத் தவறவிடாத கைகள் பந்தைத் தவறவிட்டன. காரணம் கைகளில் இல்லை. புதிய ஆட்டமுறையின் நுணுக்கங்களை எண்ணிக்கொண்டே ஓடியவருக்குப் பந்தின்மேல் முழு மனமும் செல்லவில்லை. அவர் மேலும் உழைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் கட்சியோடு நடந்த ஆட்டத்தில் பத்துப் பந்துகளைப் பிடித்து 241 கஜம் கடந்தார். இகழ்ச்சி அன்றோடு ஓய்ந்தது. 1987ஆம் ஆண்டில், வேலைநிறுத்தத்தால் குறுகிப்போன பருவத்தில், பன்னிரண்டே ஆட்டங்களில் 22 டச்டவுன்கள் பிடித்தார்.

1989ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி மயாமி நகரத்தில் சின்சினாட்டி கட்சியோடு நடந்த சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தை அந்நாட்டு ஜனங்கள் இன்றும் பேசுகிறார்கள். அன்று ரைஸ் பிடித்த பந்துகள் 11. அவற்றால் கடந்த தூரம் 215 கஜம். ஆட்டத்தின் தலைசிறந்த வீரர் என்ற விருதும் அவருக்கே. ஆனால் நான் மிகவும் மதிப்பது, அன்று அவர் கைக்கு வராத ஒரு பந்தை. மூன்று புள்ளிகள் பின்தங்கிய நிலையில், மூன்று நிமிஷத்துக்குச் சற்றே மேற்பட்ட நேரம் மீதமிருக்க, குவார்ட்டர்பேக் ஜோ மான்டானாவின் தலைமையில் 92 கஜ தூரத்தைக் கடக்கப் புறப்பட்டு எதிரியின் எல்லையருகே வந்துவிட்ட அந்தக் கட்சியின் கடைசி முயற்சியின்போது, பந்து புறப்படுவதற்கு முன்னால் ரைஸ் அணிக்குப் பின்னே பக்கவாட்டில் நகர்ந்து ஓடினார். அதுவரை அவரால் அல்லலுற்ற எதிரிகளின் கண்கள் அவர்மீது செல்ல, நடுவில் வழி திறந்தது. பந்து ஜான் டெய்லர் என்னும் மற்றொரு ரிசீவரின் கைக்குப் போயிற்று. முப்பத்துநான்கு விநாடிகள் மீதமிருக்க, 20க்கு 16 என்று வெற்றி கிட்டிற்று. அந்த ஜீவிதத்தின் மிகப் பெரிய நாளில், மிகப் பெரிய கணத்தில், அவர் ஓடியது மற்றொருவனுக்காக.

கேண்டில்ஸ்டிக் நின்ற இடத்திலிருந்து தெற்கே, சான் கார்லோஸ் நகரத்துக்கு அருகிலுள்ள எட்ஜ்வுட் பூங்காவில் ஒரு குன்று இருக்கிறது. ஓக் மரங்களின் நிழலில் தொடங்கி, வளைந்து வளைந்து ஏறி, வெயில் நேராகத் தாக்கும் புல்வெளிக்கு வந்து சேரும் அந்தப் பாதையின் நீளம் இரண்டரை மைல். நடந்து ஏறிய எனக்கே பாதி வழியில் நெஞ்சு படபடத்தது. ஆட்டமில்லாத மாதங்களில், தோழர் ரோஜர் கிரெய்குடன் ரைஸ் இதன் உச்சிவரை ஓடினார். வருஷாவருஷம் ஓடினார். உடன் ஓட வந்த இளைஞர் பலர் பாதியிலேயே அமர்ந்துவிட்டதாகச் சொல்வார்கள். பயிற்சி மைதானத்தில், பத்துக் கஜத்தில் பிடிக்கும் பந்தையும் அத்தோடு விடாமல், எல்லைவரை ஓடிச்சென்று முடிப்பது அவருடைய நியமம். யாரும் துரத்தாதபோதும் அவ்வாறு ஓடிப் பழகியவரை, துரத்தியபோது எவரால் பிடிக்க முடியும்?

1994ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜிம் பிரவுனின் 126 டச்டவுன் என்னும் நெடுநாளைய சாதனையை அவர் தாண்டினார். 1997ஆம் ஆண்டின் முதல் ஆட்டத்திலேயே இடது முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன. முப்பத்துநான்கு வயதில் அது ஒரு ரிசீவருடைய தொழிலின் முடிவு என்றே எவரும் எண்ணுவார்கள். அவரோ பதினான்கு வாரத்தில் திரும்பிவந்து, ஒரு டச்டவுனைப் பிடித்து, அதிலேயே முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார். மறு பருவத்தில் மறுபடியும் வந்தார். அவசரப்பட்டது விவேகம் ஆகாது என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் திரும்பிவரத் துடித்த அந்தத் தவிப்பின் மூலம் எதுவென்று, அவரே பின்னாளில் சொன்னதிலிருந்து அறிந்தபின் அவரைக் குறைகூற மனம் வரவில்லை. நாற்பது வயதில், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் கட்சியில், 92 பந்துகளைப் பிடித்து மீண்டும் ஒரு சூப்பர் பௌல் ஆட்டத்துக்குப் போனார். 2005ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார்.

2010ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரில், கீர்த்தி மண்டபத்தில் அவருக்கு இடம் அளித்த சபையில் பேசியபோது, தம்மை இருபது ஆண்டுகள் ஓடவைத்தது தோல்வியைப்பற்றிய பயமே என்றும், அந்த ஓட்டத்தை நின்று அனுபவிக்கத் தமக்கு நேரம் இல்லாமலே போயிற்று என்பதே தம்முடைய ஒரே குறை என்றும் அவர் மனம் திறந்து சொன்னார். எட்ஜ்வுட் குன்றின் உச்சியில், மாலை வெயிலில், கீழே வளைகுடா நீர் மின்னுவதைப் பார்த்து நின்ற எனக்கு அந்த வார்த்தைகள் நினைவுக்கு வந்தன. எத்தனையோ முறை இந்த உச்சிக்கு வந்தவர், இந்தக் காட்சியை எத்தனை முறை நின்று பார்த்திருப்பார்? உழைப்பைத் தெய்வமாகக் கொண்ட ஒருவர் கொடுத்த விலை அது. அவரிடமிருந்து உழைப்பைக் கற்றுக்கொள்கிற இளைஞர்கள், அவர் வருந்திச் சொன்ன இந்த ஒரு பாடத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று விரும்புகிறேன்.

பருவ ஆட்டங்களில் அவர் ஆடியவை 303. பிடித்த பந்துகள் 1,549. அவற்றால் கடந்த தூரம் 22,895 கஜம். பிடித்த பந்துகளை ஆட்டங்களின் தொகையால் வகுத்துப் பார்த்தால் ஆட்டத்துக்கு ஐந்துதான் வருகிறது. பந்து வராமல் அவர் ஓடிய ஓட்டங்கள் அதைப்போலப் பல மடங்கு. அவற்றுக்குச் சாதனைப் பட்டியலில் இடம் இல்லை. வராத பந்துக்கும் வந்த பந்துக்கும் ஒரே வேகத்தில் ஓடியதனால்தான், வந்த ஐந்தும் அவர் கையில் நின்றன.